அடுத்து யாரு... நீங்களா?

"அம்மா, நீ தேய்ச்சுவிட்டா வலி போயிருதுங்கிறாங்களே... போற வலி எங்கம்மா போகும்?"

மகள் பிளெஸ்ஸி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை இப்படிக் கேட்டாள்.

ஷெரின் அப்போது சிரித்து மழுப்பிவிட்டாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் யாருக்குத்தான் சிரிப்பு வரும்!

விராலிமலைக் கடைவீதியே நின்று வேடிக்கை பார்த்தது.

"யாருப்பா அது?"

"மசாஜ் கடைக்காரி. ரைஸ்மில் அமிர்தவல்லியைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுபுட்டாளாம்!"

"மசாஜ்னா இப்பிடித்தான் வந்து நிக்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

ஷெரின் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் உண்ணாமலை ஒரு செல்போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாசி."

வாசித்தாள்.

'அமிர்தவல்லி அம்மாவுக்குக் கழுத்தைப் பிடிச்சு விட்டாச்சு! இனிமே அவங்களுக்கு வலியே இல்லை! அடுத்து யாரு... நீங்களா?'

"ஒன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே?"

"ஆமா மேடம்... ஆனா அது..."

"என் சர்வீஸ்ல எத்தனையோ கொலைகாரனைப் பாத்துட்டேன். ஊருக்கே விளம்பரம் பண்ணினவ நீ ஒருத்திதான்!"

"ஐயோ மேடம்! அது விளம்பரமேதான்! கழுத்துச் சுளுக்கு... அதைத்தான் பிடிச்சு விட்டேன்!"

"புடிச்சது தெரியுது." உண்ணாமலை முன்னால் சாய்ந்தார். "விட்டியா?"

ஷெரின் உடைந்து அழுதாள்.

ஆவூர்க்காரி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மஸ்கட்டில் ஒரு மசாஜ் நிலையத்தில் பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து போவதை அங்கே பார்த்தாள். நம்ம ஊரில் நாற்று நட்டும் சுமை தூக்கியும் குனிந்துபோன பெண்களுக்கும் இதைச் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

ஆசையில் பாவமில்லை. போர்டில்தான் வந்தது வினை!

முதலில் 'மசாஜ் சென்டர்' என்று எழுதினாள். போன்கள் வந்தன. எல்லாம் ஆண் குரல்கள். அவர்கள் கேட்டதை இங்கே எழுத முடியாது.

போர்டை மாற்றினாள். 'பெண்கள் உடல்வலி நிவாரண மையம்.'

மறுநாளே ஒருவர் ரேஷன் கார்டோடு வந்து நின்றார்.

"ஏம்மா, கஜா புயல்ல என் கூரை போச்சு. பாக்கி நிவாரணம் இங்கிட்டுத்தான் தர்றாங்களா?"

அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அதன்பிறகு யாரும் வரவில்லை. பெண்கள் அந்தக் கடையைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள்.

அப்போதுதான் வந்தார் அமிர்தவல்லி. பட்டப்பகலில். நடு வாசல் வழியாக. ஊருக்கே கேட்கும் குரலோடு!

"ஷெரினு! கழுத்தைத் திருப்ப முடியலடி. கதவை நல்லாத் தெறந்து வையி, ஆத்தாளுகளெல்லாம் பாக்கட்டும். நான் வந்தா நாலு பொம்பளைங்க வருவாளுக."

ஷெரின் கண்கலங்கினாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கைம்மாறு செய்வது?

செய்தது ஸ்டேட்டஸ் போட்டதுதான். 'கஸ்டமர் பேரைப் போடுங்க, பலனைச் சொல்லுங்க, கடைசியில் ஒரு கேள்வி கேளுங்க' என்று யூடியூப்பில் யாரோ வியாபாரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தாள்.

அமிர்தவல்லி வீட்டுக்குப் போனார். படுத்தார். எழுந்திருக்கவில்லை.

எண்ணெய் மின்னிய கழுத்தில் விரல் தடங்கள்!

"மேடம், இன்னும் என்ன விசாரணை? எழுதியே வெச்சிருக்காள்ல!"

வாசலில் நின்று கத்தினான் விக்ரம். அமிர்தவல்லியின் ஒரே மகன். மேஜையில் இருந்த செல்போன் அவனுடையது.

"நீங்க எப்ப இதப் பாத்தீங்க விக்ரம்?"

"அம்மா பொணமாக் கெடந்தாங்க. யாருகிட்ட போயிட்டு வந்தாங்கன்னு தேடினேன். இவ ஸ்டேட்டஸ் இருந்துச்சு. ஒடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்!"

ஷெரின் தலை நிமிர்ந்தாள்.

"இல்லையே... அப்ப அது இருந்திருக்காதே!"

"என்னது?"

"அமிர்தவல்லி அம்மாவே போன் பண்ணி அதை எடுக்கச் சொன்னாங்க மேடம். அப்பவே அழிச்சுட்டேன்."

"சாட்சி?"

"என் போன்ல பேசறதெல்லாம் தானாப் பதிவாயிரும் மேடம். மோசமான போன் வந்ததால... அப்படி வெச்சிருந்தேன்."

உண்ணாமலை அவள் போனை எடுத்தார். தேடினார். அழுத்தினார்.

செத்தவர் பேசினார்!

"அடியே ஷெரினு! என்னத்தடி எழுதி வெச்சிருக்க? கழுத்தைப் புடிச்சு விட்டாச்சு, இனிமே வலியே இல்லைன்னா... ஊரே மாலையோட வந்துரும்டி!"

"ஐயோ அம்மா! இந்தா எடுத்துட்டேன். பாருங்க, போயிருச்சுங்களா?"

"இரு... ம், போயிருச்சு. வேற மாதிரி எழுது புள்ள. கழுத்து இப்ப நல்லாத் திரும்புது. செத்த நேரம் தூங்கப் போறேன்."

குரல் நின்றது.

உண்ணாமலை போனை மேஜையில் வைத்தார்.

"விக்ரம்..." உண்ணாமலையின் குரல் மெல்ல வந்தது. "ஒங்கம்மா உயிரோட இருந்தப்பவே அழிஞ்சுபோன ஸ்டேட்டஸ். பொணத்தைப் பாத்தப்புறம் அதை எப்பிடிங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்க?"

"அது... வந்து..."

"சாவுக்கு முன்னாடியே சாட்சியை ரெடி பண்ணி வெச்சுக்கிட்டியோ?"

'ங்க' போய்விட்டது. அது போனதுமே விக்ரமின் வீறாப்பும் போய்விட்டது.

"ஹைவே ஓரத்துப் புளியந்தோப்பு மேடம்... வித்துருவோம்னு கெஞ்சினேன். உசுரு உள்ளவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்னாங்க..."

"அதான் உசுர எடுத்துட்ட!"

பெற்றவளின் கழுத்து வலி தீர்ந்த நாளிலேயே, பிள்ளை அந்தக் கழுத்தில் கை வைத்துவிட்டான். இப்படியும் ஒரு பிள்ளை! கடவுளே!

ஷெரின் வெளியே வந்தாள்.

ஜீப்பில் போனதைப் பார்த்த கண்கள், நடந்து திரும்பியதைப் பார்க்கவில்லை. கைதானதைச் சொன்ன வாய்கள், விடுதலையைச் சொல்ல மறந்துவிட்டன.

கட்டட உரிமையாளர் உதயசூரியன், கடையின் போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"கோச்சுக்காதம்மா. நீ தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஆனா போலீஸ் வந்த கடைக்குச் சனம் வராது. எனக்கும் பக்கத்துக் கடைக்கு வாடகைக்கு ஆள் வரணும்ல?"

"இன்னும் கொஞ்ச நாள்ணே..."

"எத்தனை நாள் இருந்தாலும் ஈ மட்டும்தாம்மா வரும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

ஷெரின் மசாஜ் மேஜையை மடக்கினாள். ஒரேயொரு எண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டாள். நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அல்ல.

அமிர்தவல்லியின் வீட்டுக்கு!

கொலைகாரன் வீடு என்று சொந்தக்காரர்களும் ஒதுங்கிவிட்டார்கள். உள்ளே விக்ரமின் மனைவி வைஷ்ணவி மட்டும். நிறைமாதம். தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் பணியாரம்போல் வீங்கியிருந்தன.

ஷெரினைக் கண்டதும் மிரண்டாள்.

"அக்கா... திட்டத்தானே வந்தீங்க? திட்டுங்க."

"காலை நீட்டு."

"அக்கா, ஒங்களுக்குத் தெரியாது. அந்த ஸ்கிரீன்ஷாட்..."

"அதுக்கென்ன?"

"அதை எடுத்தது அவரு இல்ல. நான்!"

ஷெரின் எண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அத்தைக்குக் கழுத்து சரியாயிருச்சுன்னு போட்டிருந்தீங்கள்ல... இடுப்பு வலி தாங்கலக்கா. நானும் போகவான்னு கேட்டு அவருக்கு அனுப்பினேன். அதப் பாத்துத்தான் அவருக்கு அந்த ரோசனையே வந்திருக்கு! நான் அனுப்பாம இருந்தா அத்தை உசுரோட இருந்திருப்பாங்க..."

"நான் போடாம இருந்தா நீ அனுப்பியிருக்கவே மாட்டியே தாயி."

இருவரும் அழுதார்கள். யார் யாரைத் தேற்றுவது?

எந்த வழியும் தெரியவில்லை. கடை போயிற்று. பெயர் போயிற்று. பிறக்கப்போகும் குழந்தைக்கு அப்பன் ஜெயிலில். ஷெரின் உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, அந்த வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அமிர்தவல்லிக்குச் செய்யவேண்டிய கைம்மாறு. பார்க்க ஆளில்லை. பார்க்கவேண்டியவர் ஒருவர் மேலிருந்து பார்த்திருப்பார்.

மெல்ல மெல்ல வைஷ்ணவியின் கண் சொருகியது.

பாவம் ஷெரின்! அத்தனை பாடுபட்டுப் போட்ட விளம்பரத்துக்கு வந்தது ஒரே ஒரு கஸ்டமர்... அதுவும் கடை மூடின பிறகு, ஓசியில்!