ஏழாம் வரிசையில் ஒரு பைன்

"சாயங்காலம் இந்த வீட்டுப் பக்கமே வந்துடாதீங்க."

"வரல. நீயா வாய் திறந்து கூப்பிடுற வரைக்கும் வாசப்படி ஏறமாட்டேன்."

"அதையும்தான் பார்க்கிறேன்."

மகளின் பள்ளி நிறைவு விழாவுக்கு வராமல் கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பத்துக்குப் போகிறாரே என்ற ஆத்திரத்தில் கஸுயோ பேசியது. அன்று பிற்பகல் கடல் ஊருக்குள் வந்தது. கணவர் தெட்சுரோவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பதினான்கு வருடமாக அவர் படத்துக்கு முன்னால் சோறு வைக்கிறாள், ஊதுவத்தி ஏற்றுகிறாள், கூப்பிட்டதில்லை. முதலில் அது வீம்பு. பிறகு, கூப்பிட்டும் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அலை பிடுங்கிப்போன கடற்கரைக் காட்டின் இடத்தில் ஊரார் நட்ட பைன் கன்றுகள் இப்போது இரண்டு ஆள் உயரம். மாதம் இரண்டு சனிக்கிழமை தொண்டர்கள் வந்து கொடி அறுப்பார்கள். மரங்கள் நெருங்கிவிட்டதால் இலையுதிர் காலத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்ட வேண்டும். வெட்டப்போகும் மரங்களுக்கு இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கடலிலிருந்து ஏழாம் வரிசையில் கஸுயோ அவர் நினைவாக நட்ட மரமும் அதில் ஒன்று. போன முறை அந்த நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று அதே மரத்தில் மறுபடி நாடா இருந்தது. ஈரமாக.

"உங்க மரத்து மேல யாருக்கோ கண்ணுக்கா," என்றாள் உடன் வேலை செய்த சதொமி, கொடியை இழுத்தபடி. "இந்தக் கொடி இருக்கே, அப்படியே என் மாமியார். வெட்டிட்டுத் திரும்பினா பின்னாடி நிக்குது."

கஸுயோ முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடக்கையால் இரண்டு முறுக்கு முறுக்கி நுனியை உள்ளே செருகியது. தெப்பக் கயிற்றில் அவர் போடும் முடிச்சு.

கடலிலிருந்து குளிர்ந்த மூடுபனி பைன் பிசின் வாசனையை அமுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக உள்ளே நுழைந்தது. சாலையில் விசில் ஊதியது. பனி இறங்கினால் வெளியே வந்துவிட வேண்டும், காட்டுக்குள் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது, விசில் மட்டும்தான்: தொண்டர்களின் தலைவர் ஓய்கவா வைத்த விதி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"வாங்கக்கா, தலைவர் கத்துவாரு."

"கத்தட்டும். நீ போ."

சதொமி தயங்கிவிட்டு ஓடினாள்.

எட்டாம் வரிசை வெட்டும் வரிசையல்ல. அங்கேயும் ஒரு நாடா, அதே முடிச்சு. ஒன்பதிலும். பத்திலும். கஸுயோ நாடாக்களைப் பிடித்தபடியே நடந்தாள். சேற்று நாற்றம் அடித்தது, அழுகிய சிப்பியும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த நாளின் நாற்றம். பின்னால் ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

பதினொன்றாம் வரிசை. கடைசி. அதற்கப்புறம் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக் கூரை.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு நின்றிருக்கிறார். சொன்ன சொல் தவறாத பிடிவாதக்காரர்.

"வெளியே வாங்கம்மா," சாலையிலிருந்து ஓய்கவாவின் குரல். "என்ன பார்த்தாலும் வாயை மட்டும் திறந்துடாதீங்க. ஒருத்தரைக் கூப்பிட்டா ஒருத்தர் மட்டும் வரமாட்டாங்க."

"பதினாலு வருஷம் திறக்காமத்தானே இருந்தேன்."

சாலையில் ஏறித் திரும்பினாள்.

மரத்துக்கு ஒருவர். ஏப்ரனோடு. பள்ளிச் சீருடையோடு. ஒரு கைக்குழந்தையோடு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு, அதிலிருந்து சொட்டும் நீர். எல்லோரும் ஊர்ப் பக்கம் பார்த்து நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் இடக்கையில் நாடாச் சுருளோடு ஒருவர், சாலை விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி. அவருக்குப் பின்னால், கடல்வரை, ஒவ்வொருவரும் அதேபோல ஒரு காலைத் தூக்கியபடி.

அவள் பின்வாங்கவில்லை.

விசில் ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது.

"ஏங்க," என்றாள் கஸுயோ. "என் கோபமெல்லாம் தீர்ந்துடுச்சு. வீட்டுக்கு வாங்க."