வாயில் வந்த நேரம்

வைதேகியின் கைபேசி அலறியது.

மதியம் இரண்டு மணி. தெரியாத எண்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் போலீஸ் ரோந்து கார் எந்த நிமிடம் எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள், அவள் எழுதியது. அன்று பொங்கோல் வீட்டிலிருந்தே வேலை. தனியாக இருந்தாள்.

"அக்கா... கண்ணைக் கட்டிட்டாங்க... பயமா இருக்குக்கா..."

தங்கை சுதாவின் குரல்!

அடுத்து ஓர் ஆண் பேசினான். தேக்காவின் பஃபலோ ரோட்டில் இன்று போலீஸ் இல்லாத பத்து நிமிடம் எது? சொன்னால் சுதா வீடு திரும்புவாள். போனை வைத்தால்...

திரும்ப மாட்டாள்.

"சத்தியமா எனக்கே தெரியாதுங்க. திருடன் நோட்டம் பார்த்துக் கணக்குப் போட்டுடக் கூடாதுன்னுதான் மெஷின் ஒவ்வொரு தடவையும் தாயம் உருட்டுது. எழுதின நானே முன்கூட்டிச் சொல்ல முடியாது."

அவன் நம்பவில்லை. கெஞ்சிப் பார்த்தாள். பின்னணியில் சுதாவின் அழுகை கூடியது.

வைதேகி கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வந்த நேரத்தைச் சொன்னாள்.

"மூணு நாப்பது."

அவன் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. அவளும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கை மரத்துப் போனது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு லைன் கட் ஆனது.

அதற்குள் பஃபலோ ரோட்டு நகைக்கடை ஒன்று காலி. காவலாளி செல்லக்கண்ணு கத்திக்குத்துடன் மருத்துவமனையில். ரோந்து கார் அந்தத் தெருவை விட்டுக் கிளம்பியது, மூன்று முப்பத்தொன்பதுக்கு.

வைதேகியே போலீசை அழைத்தாள். இன்ஸ்பெக்டர் அழகேசன் வந்தார். நடந்ததை அப்படியே கொட்டினாள். தங்கையைக் காப்பாற்றச் சொல்லி அழுதாள்.

அழகேசன் வெளியே போய் யார் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"சுதா செங்காங்ல சினிமா பார்த்துட்டு இருந்தாங்க மேடம். போன் ஆஃப். அவங்களை யாரும் கடத்தலை."

வைதேகிக்கு உயிர் வந்தது.

அடுத்த நொடியே போனது. அந்த அழுகை... மெஷின் செய்த குரல்!

அதைச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார்.

"சரி, அந்த நேரம்? அது எப்படி அவ்வளவு கரெக்டா?"

"குருட்டாம்போக்குல சொன்னேன் சார்."

"உங்க ஆபீஸ்லயே கேட்டேன். அப்படிச் சொல்லிப் பலிக்க நாப்பதுல ஒரு வாய்ப்புதானாம்."

 

அழகேசன் விலங்கை எடுத்தார்.

"இவ்வளவு அதிர்ஷ்டம் இருக்கிறவங்க 4D லாட்டரி வாங்கணும் மேடம்... போலீசுக்குப் போன் பண்ணக் கூடாது லா."