தம்பியின் மெயில் பெட்டி

அந்தக் கடிதத்தின் தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டும். மெலிந்திருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். தம்பியின் மெயில் பெட்டியில் அவள் போட்ட கடிதங்கள் மேலிருந்து கீழாக வரிசை கட்டி நின்றன. திறக்க ஆளில்லாத கடிதங்கள் என்பதால் எல்லாமே கறுத்துத் தடித்த எழுத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், அவள் முதன்முதலாக எழுதியது மட்டும் ஒல்லியாக மாறிப்போயிருந்தது. யாராவது திறந்து படித்தால்தான் அப்படி ஆகும்.

அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தன் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போன அவள் தம்பி. நடுக்கடலில் ஒரு விடியற்காலை ஆள் கணக்கு எடுத்தபோது அவன் கப்பலில் இல்லை. உடம்பு கிடைக்கவில்லை. கப்பல் கம்பெனி அனுப்பிய பையில் இரண்டு சட்டையும் ஒரு ஷேவிங் செட்டும் இருந்தன, அவ்வளவுதான்.

போட்டோக்களைப் போட்டுவைக்க இடம் வேண்டும் என்று அவன் எடுத்த சந்தா மெயில் அது. பணம் அவளுடைய கார்டிலிருந்து போகும். புதுப்பிக்கச் சொல்லி இந்த வாரம் நோட்டீஸ் வந்திருந்தது. காலையில்தான் கணவன் அதைப் பற்றிப் பேச்செடுத்தான்.

"இந்த வருஷமும் கட்டப் போறியா?"

"தெரியலங்க."

"காசுக்காகச் சொல்லல. அந்தப் பெட்டில யாரு இருக்கா சொல்லு? நீயே எழுதற, நீயே போய்ப் பாத்துட்டு அழுவற."

"நிறுத்தினா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

"உன் மனசுல இருக்கறத எவன் அழிக்க முடியும்?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களிடம் வெளியே நின்று பேசிப் பேசி, அவன் குரலே மெதுவாக ஆகிவிட்டது. அந்தக் குரலில் கேட்டபோது சரி என்று தலையாட்டிவிட்டாள். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு அன்று விடுமுறை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் பின்னறையில் இருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

தம்பி. அவன்தான். வேறு யார்? ஏதோ ஒரு கரையில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், பேர்கூட மறந்துபோய்க் கிடந்தவனுக்கு இந்தப் பாஸ்வேர்ட் மட்டும் நினைவு வந்திருக்கலாம் இல்லையா?

மெயில் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "லாகின் எல்லாம் உங்களோடதுதான் மேடம். வேற யாரும் உள்ள வந்த மாதிரி இல்ல."

"அப்ப யாரு படிச்சது?"

"வெளியேயிருந்து யாரும் வரல மேடம்," என்றான் அவன் மறுபடியும்.

மறுநாள் இரண்டாவது கடிதம் மெலிந்தது. அப்புறம் மூன்றாவதும் நான்காவதும். கீழேயிருந்து மேலே, ஒன்றைக்கூடத் தாண்டாமல், அவள் எழுதிய வரிசையிலேயே யாரோ படித்துக்கொண்டு வந்தார்கள். கடையில் ஒருவருக்குப் போடவேண்டிய லென்சை இன்னொருவர் ஃபிரேமில் மாட்டித் திட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்கு ஓடினாள். அந்த அறையில் இப்போதெல்லாம் ஒரு வாடை இருந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் புழுங்கிய துணி வாடை. ஜன்னலை இரவு பகலாகத் திறந்து வைத்தும் அது போகவில்லை.

பிறகு டிராஃப்டில் ஒன்று வந்தது. யாரோ எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்டது. அதில் ஒரே ஒரு சொல் இருந்தது.

*அன்புள்ள*

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரையைத் தடவினாள். ராத்திரி மறுபடி போய்ப் பார்த்தபோது அது வளர்ந்திருந்தது.

*அன்புள்ள அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல். வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது.*

அழுகை நின்றது. வரியை மறுபடி படித்தாள்.

தம்பி இப்படி எழுதமாட்டான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பான், பாதி எழுத்தை முழுங்குவான், முற்றுப்புள்ளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அக்காவுக்குத்தான் பேசுகிற மாதிரி எழுத வராது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதுவாள். "என்ன சோடாபுட்டி, கோர்ட் நோட்டீஸ் அனுப்பியிருக்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பான்.

அவள் தன்னுடைய மெயிலுக்குப் போய், அனுப்பிய பழைய கடிதங்களைத் திறந்து தேடினாள். மழை வரி அவளுடையது. போன மழைக்காலத்தில் எழுதியது. நலமறிய ஆவலும் அவளுடையதுதான். அந்த டிராஃப்டில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் அவள் எங்கேயோ எழுதியிருந்தாள். அவனுடைய சொல் என்று ஒன்றுகூட இல்லை.

ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள்: *நீ என்னைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவாய்? நீதான் என்றால், கூப்பிடு.*

சோடாபுட்டி என்று அவள் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. அவன் என்றால் அவனுக்குத் தெரியும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டை எழுத்து மெலிந்தது. டிராஃப்ட் அசைந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, பூனை நடக்கிற மாதிரி ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தன.

*நீதான் என்றால், கூப்பிடு.*

அடுத்த வரியில் மறுபடி.

*கூப்பிடு.*

*கூப்பிடு.*

கணவனை இழுத்துவந்து காட்டினாள். அவன் குனிந்து நிதானமாகப் படித்தான். நிமிர்ந்தபோது அவன் கண்ணில் பயம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அது அவளுக்குப் பயத்தைவிட மோசமாக இருந்தது.

"இது நீ எழுதற மாதிரியேதானம்மா இருக்கு."

"நான் எழுதலங்க. சத்தியமா எழுதல."

"தூக்கமே இல்ல உனக்கு. எழுதினது ஞாபகம் இல்லாம இருக்கலாம்ல?" அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "நிறுத்திடு. இதுக்கு மேல வேணாம்மா. நீயே நிறுத்திடு, இல்லன்னா நான் நிறுத்தறேன்."

"நாளைக்கு," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில், எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன் வந்தது. "போயிட்டு உடனே வந்துடறேன். கதவத் தாழ் போட்டுக்காத, சாவி எடுத்துட்டுப் போகல," என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம், பாத்திரங்கள் உரசும் சத்தம், பக்கத்து வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் கலந்து கேட்டுக்கொண்டிருக்க, அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கேட்பதாகத் தோன்றி, அவள் குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு நின்றாள்.

பின்னறையில் யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாகப் படிக்கக் கற்றுக்கொள்கிற குழந்தை எழுத்துக்கூட்டுமே, அந்த மாதிரி. தாழ்ந்த குரல்.

"அன்... புள்ள... தம்... பிக்கு..."

பெண் குரல்.

"நீ... எங்கே... இருந்தாலும்..."

அவளுடைய குரல்.

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பின்னறையின் கதவருகே போனதும் குரல் நின்றது. உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. திரை மட்டும் வெளிறிய ஒளியோடு விழித்துக்கொண்டிருந்தது. அந்தப் புழுங்கிய வாடை தொண்டையை அடைத்தது. பெட்டியில் கொட்டை எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் படித்து முடித்தாயிற்று.

அவள் உட்கார்ந்தாள். சந்தாப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பொத்தான்கள். ஒன்று புதுப்பிக்க. இன்னொன்று நிறுத்தி, எல்லாவற்றையும் உடனே அழிக்க. அழித்தவை திரும்பக் கிடைக்காது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

இது தம்பி இல்லை. அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவேளை? எல்லாம் மறந்து, பேச்சே மறந்து, அக்காவின் கடிதங்களைப் படித்துப் படித்து அவன் மறுபடி பேசக் கற்றுக்கொள்கிறான் என்றால்? அந்த ஒரு கயிற்றையும் தன் கையாலேயே அறுத்துவிட்டால்?

விரல் புதுப்பிக்கும் பொத்தானுக்குப் போனது. திரும்பியது. மறுபடி போனது.

டிராஃப்டில் ஒரு புது வரி வந்திருந்தது.

*பெட்டியை மூடினால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.*

வீட்டுக்கு வந்துவிடு. எத்தனை கடிதத்தின் கடைசியில் அவள் அப்படி எழுதியிருப்பாள்! மிரட்டலா, வாக்கா? பயத்தில்தான் அழுத்தினாளோ, ஆசையில்தான் அழுத்தினாளோ, அவளுக்கே தெரியாது. அழித்துவிடு என்ற பொத்தானை அழுத்திவிட்டாள்.

கடிதங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. மழை போனது. நலம் போனது. கடைசியில் அடியில் கிடந்த முதல் கடிதமும் போய், திரை வெறுமையானது.

வாடையும் போய்விட்டது. ஜன்னல் வழியாகத் தெருவின் காற்று வந்தது. ஒரு ஸ்கூட்டர் போகும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். அவள் மூச்சை விட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போயிட்டு வாடா," என்று சொல்லப் பார்த்தாள்.

சத்தம் வரவில்லை.

இருமினாள். இருமல் வந்தது. மறுபடி முயன்றாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சொல் இல்லை. தம்பியைக் கூப்பிடும் சொல் எது? தண்ணீருக்கு என்ன சொல்? நாக்கின் நுனியில் நிற்கிறது என்றுகூடச் சொல்ல முடியாதபடி உள்ளே வழித்துத் துடைத்து வைத்தது போல இருந்தது.

முன்னறையில் ஏதோ அசைந்தது.

நாற்காலி இல்லை. காற்று இல்லை. காலடி. ஈரக்காலைத் தரையில் பதித்து எடுக்கிற சத்தம். மெதுவாக. வாசல் கதவை நோக்கி.

விளக்கு போட மறந்திருந்தாள். பின்னறை வாசலில் நின்று பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்த முன்னறையில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு உருவம் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. அவள் உயரம். அவள் கூந்தல். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படியில் பழக்கமான செருப்புச் சத்தம். கருவிப் பை சுவரில் இடிக்கும் சத்தம்.

வராதீங்க. அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. சுவரில் அறைந்தாள். கை ஓய்ந்து, துணி விழுந்த மாதிரி மெத்தென்றது.

"என்னம்மா, லைட்டே போடல?" வெளியே கணவன் குரல். "நிறுத்திட்டியா?"

அந்த உருவம் கதவின் பக்கம் தலையைச் சாய்த்தது. அவளுடைய குரலில், தெளிவாக, எழுத்துப் பிசகாமல் பேசியது.

"நிறுத்திவிட்டேன். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வா, தம்பி."

வெளியே அவன் சிரித்தான். பல நாளாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"தம்பியா? நல்லாத்தான் இருக்கு போ," என்றான். கைப்பிடி திரும்பியது.