ஏறக்கூடாத எண்

“கொன்னவன் யாருன்னு காட்டுங்க, போதும். மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

அச்சகக்காரி இரண்டு பரிசோதனைச் சீட்டுகளை மேசைமேல் வைத்தாள். திங்கட்கிழமை காலை குடலிறக்க அறுவைக்குப் போன அவளுடைய தம்பி கண் விழிக்கவே இல்லை. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு. முந்தின நாள் அச்சகத்து ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்திருக்கிறான் என்று மயக்க மருத்துவர் எழுதிவிட்டார். ஜெனரேட்டரை ஓட்டியது அவள். பெற்ற தாய் பத்து நாளாக அவள் முகத்தில் விழிப்பதில்லை.

துப்பறிவாளர் முன்பு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதனால் ‘சொட்டு மேடம்’ என்று பெயர். சீட்டுகளை நிதானமாகப் படித்தார். இரண்டும் அறுவையின்போது எடுத்தவை. எட்டரைக்கு விஷம் ஒன்பது சதவீதம். ஒன்பதரைக்கு முப்பத்தெட்டு.

“விரல்ல மாட்டின கருவி கடைசிவரைக்கும் ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டுன்னு காட்டியிருக்கே மேடம்?” என்றார் அவருடைய கார் டிரைவர். துப்பறிவதில் பாதிப் பங்கு தனக்கு என்பது அவர் எண்ணம்.

“அது ரத்தத்தோட சிவப்பைத்தான் பார்க்கும். இந்த விஷம் கலந்த ரத்தமும் சிவப்புதான், கருவி ஏமாந்துடும். மயக்கத்துல என்ன குடுத்தாங்க?”

“முழு ஆக்சிஜன்னு எழுதியிருக்கு.”

“வெளியில குடிச்ச புகையா இருந்தா, முழு ஆக்சிஜன்ல ஒரு மணி நேரத்துல ஏறக்குறைய பாதியா இறங்கியிருக்கணும். இது நாலு மடங்கு ஏறியிருக்கு. விஷம் மயக்க மெஷின்லயே பிறந்திருக்கு.”

அச்சகக்காரி சீட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை மூவரும் மருத்துவமனைக்குப் போனபோது, அறுவை அறையில் மயக்க மருத்துவரும் மெஷின் உதவியாளரும் நின்றார்கள். சொட்டு மேடம் பதிவேட்டைத் திறந்தார்.

“சனிக்கிழமை அவசரக் கேஸ், நாற்பது நிமிஷம். ‘புது ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டியது’ன்னு உங்க கையெழுத்து டாக்டர். இவர் ரெண்டு நாள் லீவு. திங்கக்கிழமை சிலிண்டர் காலி. நாற்பது நிமிஷத்துல தீருமா?”

“கசிவா இருக்கும். மெஷின் இவன் பொறுப்பு.”

“பழியை என் தலையில கட்டாதீங்க சார்!” உதவியாளர் அலமாரியிலிருந்து காற்றுப் புகாமல் கட்டிய பையை எடுத்தார். “சனிக்கிழமை நீங்க ஆக்சிஜன் குமிழை மூடாமலே போயிட்டீங்க. திங்கக்கிழமை காலையில துகளை மாத்தணும்னு சொன்னேன். ‘நேரமாச்சு, சிலிண்டரை மட்டும் மாத்து’ன்னீங்க. என்னைத்தான் மாட்டிவிடுவீங்கன்னு தெரியும். அதான் அன்னிக்கே இந்தத் துகளை எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.”

நோயாளி விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும் வெள்ளைத் துகள் அது. ஒரு கிலோ பொட்டலத்தை அப்படியே கொட்டுவது வழக்கம். சொட்டு மேடம் தராசில் வைத்தார். எண்ணூற்றைம்பது கிராம்.

“குறைஞ்சது ஈரம். ஞாயித்துக்கிழமை முழுக்க ஓடின ஆக்சிஜன் உலர்த்திடுச்சு. காய்ஞ்ச துகள் மயக்க வாயுவை விஷமா மாத்தும். திங்கக்கிழமை முதல் ஆளா இவங்க தம்பி படுத்தான்.”

மருத்துவர் அச்சகக்காரியின் பக்கம் திரும்பினார். “மறதிம்மா. கொலையில்ல.”

“சனிக்கிழமை செஞ்சது மறதி,” என்றாள் அச்சகக்காரி. “என் ஜெனரேட்டர்னு எழுதினது யோசிச்சு எழுதினது.”

“போலீசுக்குச் சொல்லிடவா?” என்று டிரைவர் போனை எடுத்தார்.

“சொல்லுங்கண்ணே. அவங்க வர்றதுக்கு முன்னால காரை எடுங்க. எங்கம்மா முன்னால நின்னு, ‘உங்க மகனைக் கொன்னது நான்தான்’னு இவர் வாயால சொல்லணும். அம்மா என்ன கேட்டாலும் பதில் சொல்லணும்.”

“பத்து மணிக்கு எனக்கு ஒரு ஆபரேஷன்...”

“அந்த ஆள் பிழைச்சார். ஏறுங்க.”