நட்சத்திரம் இல்லாதவர்கள்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில், அம்மன் கோயில் அர்ச்சனைக்கு யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. குருக்கள் இயந்திரம் மணிக்கட்டுத் தோலில் பதித்த பிறப்புச்சில்லைப் படித்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் கற்பூரம் காட்டிவிடும். சுடர் வெறும் ஒளிப்படிமம். காற்றை எரிக்க அங்கே அனுமதியில்லை.

பிறந்த நேரத்தில் நிலவு நின்ற இடமே நட்சத்திரம். ஆகவே பூமிக்கு வெளியே பிறந்தவர்களுக்கு அது கிடையாது என்று அறங்காவலர் சிதம்பரநாதன் விதி செய்திருந்தார். அவர்களுடைய அர்ச்சனை சாமி பெயருக்கே நடக்கும்.

இயந்திரத்தைப் பராமரிக்கும் பூங்கோதையின் மூன்று வயது மகள் அமிழ்தா செவ்வாயிலேயே பிறந்தவள். நுரையீரல் அறுவைக்கு முந்தைய நாள் பூங்கோதை சிதம்பரநாதனிடம் போய் நின்றாள்.

"ஐயா, அவ பேரை ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க."

"நம்ம நிலாவையே பார்க்காத பிள்ளைக்கு ஏதும்மா நட்சத்திரம்? செம்மண்ணுல முளைச்சதுக்கெல்லாம் ஜாதகம் எழுத முடியுமா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். மறுநாள் அமிழ்தா இறந்துபோனாள். அர்ச்சனை காப்பாற்றியிருக்கும் என்று பூங்கோதை நம்பவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

நான்கு மாதம் பழைய பதிவேடுகளைத் தோண்டினாள். சிதம்பரநாதன் பூமியில் பிறக்கவில்லை. முதல் கப்பல் நிலவைக் கடந்து நாற்பதாம் நாள், கப்பலிலேயே பிறந்தவர். சில்லில் இருந்த மக நட்சத்திரம் அவர் தந்தை பொய்யாக எழுதியது. பூங்கோதை மெய்யான பதிவை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுத் திருவிழாவுக்குக் காத்திருந்தாள்.

முதல் தட்டு அவருடையது.

"நட்சத்திரம் இல்லை," என்றது இயந்திரம். "சாமி பெயருக்குச் செய்யலாமா?"

அவர் மணிக்கட்டைத் துடைத்துத் துடைத்து நீட்டினார். பதில் மாறவில்லை. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

அவர் பதவி போனது. செவ்வாயில் பிறந்தவர்கள் கூடி அவளையே அறங்காவலர் ஆக்கினார்கள். விதியைக் கிழித்தெறிவது என்ற முடிவோடுதான் முதல் கூட்டத்துக்குப் போனாள். அதற்குள் ஒருவர் யோசனை சொன்னார்.

"அக்கா, இங்கயும் ரெண்டு நிலா இருக்கே. அதை வச்சு நமக்கு நட்சத்திரம் கணிச்சிடலாம். கப்பல்ல பொறந்தவங்களுக்குத்தான் எந்த நிலாவும் இல்ல."

எல்லோரும் தலையசைத்தார்கள். கப்பல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. குடியிருப்பின் பட்டியலில் கப்பலில் பிறந்தவர்கள் அறுபத்தொரு பேர், அவர்களில் பதினோரு பேர் குழந்தைகள்.

பூங்கோதை அன்றே அந்த யோசனைப்படி இயந்திரத்தின் நிரலைத் திருத்தினாள். அந்தப் பதினோரு பேரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அவள் கேட்கவில்லை.