ஜினி எடுத்த எண்ணூறு படங்கள்

இரவு எட்டரை. குழித்துறை ஆற்றங்கரை ஹாலில் கைதட்டல் அடங்கிக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும், மேடைக்குப் பின்னறையிலிருந்து ஓர் அலறல். அன்று டிரம்ஸ் அடித்த அடியில் ஆற்று மீன்களையெல்லாம் கடலுக்கே துரத்திவிட்ட அனில்குமாரின் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது என்றால், அலறலின் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அலறியவள் ஜினி, பாடகர் செல்வதாஸின் மனைவி. கையில் கேமரா. மெமரி கார்டை எடுக்க அவள் திறந்த மூடி அப்படியே கிடந்தது. உள்ளே கார்டு இல்லை.

"போச்சு! எனக்க எண்ணூறு படமும் போச்சு!"

முதல் ஆளாக ஓடி வந்தவள் ஷைஜா. ஜினியோடு பள்ளியில் படித்தவள், இப்போது சப் இன்ஸ்பெக்டர். இன்று லீவு போட்டுச் சுடிதாரில் வந்திருந்தாள். லீவு உடம்புக்குத்தான், மூளைக்கு இல்லை. கல்யாண வீட்டில் ஒரு அப்பளம் குறைந்தால் எந்த இலையில் கூடுதல் என்று சொல்லிவிடுகிற மூளை அது.

களவு சின்னது, நஷ்டம் பெரிது. செல்வதாஸின் குரல்வளையில் புற்றுக்கட்டி. திங்கட்கிழமை குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். அதன்பின் பாட்டும் இல்லை, அந்தக் குரலில் ஒரு பேச்சும் இல்லை. இன்றுதான் கடைசிக் கச்சேரி. "இன்னைக்குக் காது மட்டும் போதும்" என்று வாசலில் கூடை வைத்து எல்லார் போனையும் வாங்கி வைக்கச் சொன்னவரும் அவர்தான். ஆக, அந்தக் கச்சேரிக்கு உலகத்திலேயே சாட்சி ஜினியின் கேமரா ஒன்றுதான்.

அதற்காக அவள் பட்ட பாடு! இருட்டில் துள்ளுகிற ஆளைப் படம் பிடிப்பது லேசா? முதல் மாதம் மைக் கம்பி பளிச்சென்று விழும், பாடுகிறவர் ஆவியாக மிதப்பார். அடுத்த மாதம் மேடையின் சிவப்பு விளக்கில் எல்லா முகமும் மாங்காய் ஊறுகாய். சபைப் பாடகர் குழுவை எடுத்துப் பழகியதில், அதில் பாடும் ராஜபாய் சித்தி கொட்டாவி விடும் படங்களை மட்டும் சேர்த்தால் ஒரு கண்காட்சியே வைக்கலாம். செல்வதாஸ் மூச்சிழுக்கும்போதே விரல் தயாராக வேண்டும் என்பது கடைசியில்தான் பிடிபட்டது.

ஷைஜா கதவைச் சாத்தினாள்.

"கார்டு உள்ள இருந்தது எப்போ வரைக்கும் நிச்சயம்?"

"கச்சேரிக்கு முன்னால உன்னைச் சாயாக் கிளாசோட ஒண்ணு எடுத்தேனே, அப்போ இருந்துது."

ஷைஜாவுக்கு நினைவிருந்தது. கேமராவை இறக்கிய பிறகும் அதன் முதுகில் மிளகளவு சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. படம் கார்டில் ஏறுகிறது என்று ஜினி பெருமையாகச் சொன்னாள்.

"அப்புறம்?"

"மேசையில வச்சிட்டுப் பழம்பொரி திங்கப் போனேன். வந்து பாத்தா இவரு ஸ்கிரீனுல கறுப்பு டேப் ஒட்டி வச்சிருக்காரு. மேடையில நிக்கும்போ வெளிச்சம் கண்ணுல அடிக்குமாம்."

"கச்சேரி முடிஞ்சு?"

"நாற்காலில தொங்கவிட்டுட்டு, இவரைக் கெட்டிப்பிடிச்சு அழுதுட்டு நின்னேன்."

அந்த நேரத்தில் அவர்களைத் தவிர அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஷைஜா டிரம்மர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கென்னத்துக்கு அது?" அனில்குமார் பொங்கினான். "இவ எடுத்த எந்தப் படத்துல எனக்குத் தலை இருக்கு? தலை இருக்க வேண்டிய எடத்துல சிம்பல் தட்டாக்கும் இருக்கும்!"

கீபோர்டு வாசிக்கும் பிரீனா மூக்கை உறிஞ்சினாள். "ரெட்டைத் தாடை தெரியுற படத்தை அழிச்சிரு அக்கான்னு சொன்னது நெசந்தான். அதுக்குக் களவாணுவேனா?"

பைகள் கவிழ்ந்தன. பிரீனாவின் பையிலிருந்து ஒரு மளிகைக் கடையே கொட்டியது, கார்டைத் தவிர. மூலையில் கல்கண்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு செல்வதாஸ் உட்கார்ந்திருந்தார். குரல் சருகாக வந்தது.

"விடு மக்கா ஷைஜா. போனது போட்டும்."

ஷைஜா கேமராவை வாங்கிச் சும்மா அமுக்கினாள். க்ளிக். மறுபடியும். க்ளிக்.

"ஏட்டி, கார்டு இல்லாமலும் இது அடிக்குமா?"

"பழைய கேமராயாக்கும். அடிக்கும். கார்டு இல்லைன்னு ஸ்கிரீனுல மட்டும்..."

ஜினி கேமராவைப் பிடுங்கி டேப்பைப் பிய்த்தாள். கார்டு இல்லை என்று திரை சொன்னது.

"கச்சேரி முடிஞ்சு யாரும் களவாங்கல்ல," என்றாள் ஷைஜா. "நான் உனக்குப் பின்வரிசையிலல்லா இருந்தேன். கும்மிருட்டு. டேப் ஸ்கிரீனைத்தான் மறைச்சுது, செவப்பு விளக்கை மறைக்கல்ல. எத்தனை தடவை நீ கேமராவை எறக்குனே, ஒரு தடவைகூட அது மின்னல்ல. எண்ணூறு படம்னு நீ நினைச்சது வெறும் சத்தம். நீ பழம்பொரி திங்கப் போனப்பவே கார்டு போயாச்சு."

பிறகு மூலையைப் பார்த்தாள். குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஸ்கிரீன் கேமராவுக்க முதுகுல இருக்கு அண்ணே. அந்த வெளிச்சம் பின்னால இருந்த எனக்குத்தான் அடிக்கும். மேடையில நின்ன உங்க கண்ணுல எப்படி அடிக்கும்? எடுத்தது நீங்க. ஜினிக்குத் தெரியாம இருக்கத்தான் டேப்பு."

செல்வதாஸ் டப்பாவைத் திறந்தார். கல்கண்டுக்கு நடுவில் கார்டு.

"ஏன்?" என்றாள் ஜினி.

"படத்துல எனக்க வாய் தொறந்திருக்கும். சத்தம் இருக்காது. திங்கக்கிழமைக்கு மேல நானும் அப்படித்தான். ஒரு வீட்டுல சத்தமில்லாத வாய் ஒண்ணு போதும்." மூச்சு வாங்கினார். "ஊர்க்காரங்க போனை வாங்கி வச்சேன். எடுக்காண்டாம்னு ஒங்கிட்டச் சொல்ல நாக்கு எழும்பல்ல."

அனில்குமார் குச்சியைப் பொறுக்குவதற்காகக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

ஜினி கார்டைத் துடைத்துக் கேமராவில் போட்டாள். அன்றைய படம் ஒன்றே ஒன்று இருந்தது: முப்பத்திரண்டு பல்லும் தெரிய, சாயாக் கிளாசோடு ஷைஜா.

"ஒரு வரி," என்றாள். "எனக்கு மட்டும் ஒரே ஒரு வரி பாடுங்க."

அவர் எழுந்து நின்றார். மூச்சிழுத்தார். அந்த மூச்சு அவளுக்கு மனப்பாடம். கேமரா கண்ணுக்கு ஏறியது. அவர் வாய் திறந்தது. இருந்த குரலையெல்லாம் மேடையில் கொட்டிவிட்டு வந்த தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

க்ளிக் சத்தத்துக்காக ஷைஜா காத்து நின்றாள். அது வரவில்லை. ஜினி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவும் இல்லை.