எட்வர்டின் கேட் கார்டு

வள்ளூரைத் தாண்டி, சாம்பல் செங்கல் கம்பெனியின் பின்மதிலை ஒட்டி ஆறு அகலும் இடத்தில் வரதன் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்தரை. அந்தோணி வாளியை இறக்கினான். உள்ளே இரைக்கான எட்டு மடவை மீன் குஞ்சுகள் துள்ளின. செத்த இரையைக் கொடுவா மீன் மோந்துகூடப் பார்க்காது.

அந்தோணியின் அண்ணன் எட்வர்டை நாலு மாசத்துக்கு முன்னால் இதே கரையில்தான் பிணமாக எடுத்தார்கள். ஆறு மணிக்கே கேட் கார்டில் பஞ்ச் அடித்து வெளியே போனவன், மீன்பிடிக்கையில் விழுந்திருப்பான் என்றது கம்பெனி. பஞ்ச் அடித்தால் வீட்டுக்கு மெசேஜ் வரும். அன்றைக்கும் ஆறு மணிக்கு வந்தது. குளிப்பாட்டும்போது காது நிறையச் சாம்பல் இருந்ததே என்று அண்ணி ஆரோக்கியமேரி கேஸ் போட்டிருந்தாள். அதை வாபஸ் வாங்கும் தாள் இப்போது வரதனின் சட்டைப்பையில் இருந்தது.

எட்வர்டோடு பதினோரு வருஷம் சாம்பல் அள்ளியவன் வரதன். சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன். அவன் சொன்னால் அந்தோணிக்கு வேதம்.

"அண்ணிகிட்ட நீ சொல்லு, கையெழுத்து போடுவாங்க. செத்தவன நிம்மதியா உடுங்கடா."

அந்தோணி தலையாட்டினான்.

வரதன் ஒரு மடவையின் முதுகில் தூண்டில் முள்ளைக் குத்தி வீசினான். வெயில் இறங்கியது. மதில் பக்கமிருந்து ஈரச் சாம்பல் நாற்றம் வந்தது. கரையில் நின்ற கொக்குகள் எப்போது போயின என்று தெரியவில்லை.

தூண்டில் நரம்பு ஒரு தரம் சுண்டியது.

இழுத்தால் மீன் இல்லை. மடவை உயிரோடு திரும்பி வந்தது. முள் முதுகில் இல்லை, மேலுதட்டில் கோத்திருந்தது.

எட்வர்ட் அப்படித்தான் கோப்பான். முதுகில் குத்தினால் சீக்கிரம் செத்துவிடும் என்று வரதனைக் கசாப்புக்காரன் என்பான்.

வரதன் வேறு மடவையைக் குத்தி வீசினான்.

மறுபடி சுண்டியது. இந்தத் தரம் கனம். கொடுவா மாதிரி ஓடவில்லை, குதிக்கவில்லை. ஆள் நடந்து வருவது போல நிதானமாகக் கரைக்கு வந்தது.

முள்ளில் நீல நாடா. நாடாவில் ஒரு கார்டு. அந்தோணி அதிலிருந்த சாம்பலைத் துடைத்தான்.

எட்வர்டின் முகம்.

"இத என் ஊட்டு பீரோலதானே பூட்டி வெச்சிருந்தேன்," என்று முணுமுணுத்தான் வரதன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அந்தக் கம்பெனியில் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் பஞ்ச் அடிக்கச் சொல்லிக் கார்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஓடுவான். எட்வர்டின் கூட்டாளி வரதன்.

"அன்னிக்கு பஞ்ச் அடிச்சது நீயாண்ணா?"

"தொட்டில எறங்கினவன் மேல சாம்பல் சரிஞ்சிடுச்சிடா. மிஷின நிறுத்தாத, கார்ட அடின்னாரு சூப்பர்வைசரு."

"அப்ப உயிரு இருந்துச்சா?"

வரதன் வாளியைப் பார்த்தான். மீதி ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன.

"உள்ளருந்து தொட்டித் தகரத்த தட்டிக்கினே இருந்தான்."

அண்ணனின் பெட்டியைச் சுமந்த தோளை அந்தோணி பார்த்துக்கொண்டே நின்றான்.

கம்பெனிச் சங்கு ஊதியது. ஆறு மணி.

அந்தோணியின் போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, மெசேஜ் வந்துகீது," என்றாள். "உங்க அண்ணன் கார்டு. உள்ள போனாருன்னு போட்டுகீது."

கார்டு அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மதிலுக்கு உள்ளே யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

வரதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். விரலிடுக்கு வழியாகச் சாம்பல் கொட்டியது.